கச்சா கிளிசராலை என்ன செய்வது? எந்த வினையூக்கி, எந்தப் பொருள்?

1. கொப்பரை

எல்லோருக்கும் வணக்கம். ஈரோட்டுப் பக்கம் சிறிய பயோடீசல் ஆலை நடத்துகிறேன். உணவகங்களிலும் பலகாரக் கடைகளிலும் பொரித்து ஓய்ந்த எண்ணெயை வாங்கி, மெத்தனாலும் காரமும் சேர்த்துப் பயோடீசல் ஆக்குகிறோம். 1,000 கிலோ எண்ணெய்க்கு ஏறத்தாழ 100 கிலோ கிளிசரால் அடியில் இறங்கும் என்பது புத்தகக் கணக்கு. அது தனியாக இறங்குவதில்லை. மெத்தனால், சோப்பு, தண்ணீர், உப்பு எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டுதான் இறங்குகிறது. மார்கழிக் காலையில் டிரம்மைச் சாய்த்தால் பாகு பதம் தப்பிய வெல்லம்போல அசையாமல் நிற்கிறது.

இப்போது கொட்டகைக்குப் பின்னால் 14 டிரம் சேர்ந்துவிட்டது. தரகர் சொல்லும் விலை லாரி வாடகைக்கே போதாது. கிளிசராலை வினையூக்கி கொண்டு அக்ரோலீனாகவும் புரோப்பிலீன் கிளைக்காலாகவும் எபிகுளோரோஹைட்ரினாகவும் மாற்றலாம் என்று படித்தேன். 90 விழுக்காட்டுக்கு மேல் விளைச்சல் என்றும் போட்டிருந்தார்கள். வேதியியல் படித்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். என்னைப் போன்ற சிறிய ஆலைக்காரனால் இவற்றில் ஒன்றையாவது செய்ய முடியுமா? எந்த வினையூக்கி வாங்க வேண்டும்?

2. கரும்பலகை

ஐயா, நான் மேல்நிலைப் பள்ளி வேதியியல் ஆசிரியர். ஆலை அனுபவம் கிடையாது. மூலக்கூற்றைப் பற்றி மட்டும் சொல்கிறேன், மற்றவர்கள் தொடரட்டும்.

கிளிசராலில் மூன்று கார்பன். ஒவ்வொன்றின் தோளிலும் ஒரு ஹைட்ராக்சில் தொகுதி. ஆலிவ் எண்ணெயை ஈய ஆக்சைடோடு காய்ச்சி 1779-இல் ஷீலே இதைப் பிரித்தபோது இனிப்பாக இருந்தது. அந்த இனிப்பை வைத்துத்தான் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறகு பெயரும் வந்தது. இதிலிருந்து வேறு பொருள் ஆக்குவது என்றால் பெரும்பாலும் ஆக்சிஜனைக் குறைப்பதுதான். எந்தக் கார்பனிலிருந்து எடுக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

புரோட்டானைக் கொடுக்கும் திட அமிலத்தின் மேல் 300 பாகை செல்சியஸை ஒட்டிக் கிளிசரால் ஆவியைச் செலுத்தினால் நடுக் கார்பனின் ஹைட்ராக்சில் நீராகப் போகும். அடுத்து இன்னொரு நீரும் போய் அக்ரோலீன் கிடைக்கும். ஓரக் கார்பனிலிருந்து நீர் போனால் அசிட்டால். தாமிரத்தின் மேல் நடப்பது இது. அசிட்டாலுக்கு ஹைட்ரஜன் ஊட்டினால் புரோப்பிலீன் கிளைக்கால். ஒரே மூலக்கூறு, ஒரே நீர் நீக்கம், இடம் மாறியதும் பொருளே மாறிவிடுகிறது. பன்னிரண்டாம் வகுப்பில் இதைக் கரும்பலகையில் வரையும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும்.

அக்ரோலீனை நீங்கள் ஏற்கெனவே முகர்ந்திருக்கிறீர்கள். வடைச் சட்டியில் எண்ணெய் காந்திப் புகையும்போது கண்ணைக் கரிக்கும் நெடி அதுதான். ஆகவே ஒரு வேண்டுகோள். டிரம்மில் இருப்பதை அடுப்பிலோ சூளையிலோ ஊற்றி எரித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வெப்பம் போதாமல் அரைகுறையாக எரிந்தால் அந்த நச்சுப் புகைதான் ஊர் முழுக்கப் பரவும்.

3. தாமிரத்தூள்

அண்ணா, நான் வினையூக்கி ஆய்வில் ஐந்து ஆண்டுகளாக இருக்கிறேன். அதில் மூன்று ஆண்டுகள் கிளிசராலிலேயே கழிந்தன. நீங்கள் படித்த 90 விழுக்காடு பொய்யில்லை. அது எந்த நேரத்து எண் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

என் முதல் வேலையே அக்ரோலீன்தான். சிலிக்கா மேல் சிலிகோடங்ஸ்டிக் அமிலம் ஏற்றிய வினையூக்கி, வெள்ளை வெளேரென்று இருக்கும். காலை ஒன்பது மணிக்குக் குழாயில் நிரப்பி வெப்பம் ஏற்றினேன். முதல் இரண்டு மணி நேரம் கிளிசரால் முழுவதும் மாறியது, அக்ரோலீனும் அருமையாக வந்தது. பிற்பகலில் மாற்றம் சரியத் தொடங்கியது. மாலையில் குழாயைத் திறந்து கொட்டினால் கரித்தூள். மூலக்கூற்றில் இவ்வளவு ஆக்சிஜன் இருப்பதால் நீர் போகப் போக மிச்சம் ஒன்றோடொன்று ஒட்டிக் கரியாகப் படிந்து, அமிலப் புள்ளிகளை மூடிவிடுகிறது. நுண்துளைகள் நிறைந்த கனிமமான ஜியோலைட்டிலும் இதே கதைதான், அங்கே துளையின் வாயே அடைபடுகிறது. 500 பாகையை ஒட்டிக் காற்றில் எரித்துக் கரியைப் போக்கலாம். ஆனால் எல்லா வினையூக்கியும் அந்தச் சூட்டைத் திரும்பத் திரும்பத் தாங்குவதில்லை. பெரிய ஆலை என்றால் இரண்டு மூன்று கலன்களை மாற்றி மாற்றி ஓட்டலாம். அப்படியே தாங்கினாலும் கையில் கிடைப்பது அக்ரோலீன். கசிந்தால் உயிருக்கு ஆபத்து, சேமித்து வைத்தால் தானே பலபடியாகும். ஆக்கிய இடத்திலேயே மெத்தியோனினாகவோ அக்ரிலிக் அமிலமாகவோ மாற்ற வசதி இருப்பவர்களுக்குத்தான் அது சரக்கு.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். நாங்கள் ஆய்வகத்தில் பயன்படுத்துவது 99 விழுக்காடு தூய கிளிசரால், கண்ணாடிபோலத் தெளிந்தது. உங்கள் டிரம்மில் இருப்பதை இந்தத் துறையில் பாதிப் பேர் கண்ணாலேயே பார்த்திருக்க மாட்டார்கள்.

4. கொப்பரை

நன்றி சகோதரி. அக்ரோலீன் வேண்டாம், புரிந்துவிட்டது. புரோப்பிலீன் கிளைக்கால் எப்படி? அதற்கு விற்பனை பற்றிய கவலை இல்லை என்கிறார்கள். பெயிண்ட், ரெசின், குளிர்விப்பான் திரவம் என்று எல்லா இடத்திலும் போகிறது.

5. தாமிரத்தூள்

கிளிசரால் வழிகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். இங்கே நான் வைத்துக்கொண்ட பெயரே தாமிரத்தூள், வேறெப்படிச் சொல்வேன்?

முன்பெல்லாம் இதற்கு 100 பாருக்கு (வளிமண்டல அழுத்தத்தைப்போல ஏறத்தாழ நூறு மடங்கு) மேல் ஹைட்ரஜன் அழுத்தம் கொடுத்தார்கள். ருத்தீனியம் போன்ற உலோகங்கள் கார்பன்-கார்பன் பிணைப்பையே வெட்டி, ஒரு பங்கை எத்திலீன் கிளைக்காலாகவும் மீத்தேனாகவும் வீணாக்கின. அமெரிக்காவின் மிசௌரி பல்கலைக்கழகத்தில் கேலன் சப்பஸ் குழு தாமிர குரோமைட்டை எடுத்து, 200 பாகையில் 14 பார் அளவு அழுத்தத்திலேயே 73 விழுக்காடு விளைச்சல் காட்டியது 2005-இல். தாமிரம் கார்பன்-கார்பன் பிணைப்பைத் தொடாது, கார்பன்-ஆக்சிஜன் பிணைப்பை மட்டும் கவனிக்கும். அதைவிட முக்கியமானது, அவர்கள் அசிட்டாலைக் கையில் பிடித்துக் காட்டியது. நீர் நீக்கம் தனி, ஹைட்ரஜன் சேர்ப்பது தனி என்று வழியைப் பிரித்துப் பார்த்த பிறகே அவ்வளவு அழுத்தம் தேவையில்லை என்பது விளங்கியது. 2006-இல் அமெரிக்க அரசின் பசுமை வேதியியல் விருது சப்பஸுக்குக் கிடைத்தது. தொழிலுக்கும் வந்துவிட்டது. ஆர்ச்சர் டேனியல்ஸ் மிட்லாண்ட் (ADM) நிறுவனம் 2011-இல் இலினாய் மாநிலத்து டெக்கேட்டரில் ஆண்டுக்கு 1,00,000 டன் ஆலையைத் தொடங்கியது. பெல்ஜியத்தின் எர்ட்வெல்டேயில் ஒலியான் நிறுவனம் 2012-இல் 20,000 டன்னுக்குத் தொடங்கியது.

உங்களுக்கு இடிக்கும் இடம் வேறு. 92 கிலோ கிளிசராலுக்கு 2 கிலோ ஹைட்ரஜன் போதும், 76 கிலோ புரோப்பிலீன் கிளைக்கால் கிடைக்கும். 2 கிலோ என்பது கேட்க எளிது. அதை அழுத்தத்தில் கையாளும் கலன், அமுக்கி, கசிவுக் கண்காணிப்பு, உரிமம் எல்லாம் 2 கிலோவுக்கும் ஒன்றுதான், 200 கிலோவுக்கும் ஒன்றுதான். இரண்டாவது தொல்லை குளோரைடு. தாமிரத் துகள்கள் மிக நுண்ணியவையாக இருக்கும்வரைதான் வேலை செய்யும். சிறிதளவு குளோரைடு பட்டாலே அவை நகர்ந்து ஒன்றோடொன்று சேர்ந்து பருத்துவிடும், பரப்பு போய்விடும். கந்தகம் பட்டால் நஞ்சு. நீங்கள் காரத்தை நடுநிலையாக்க எந்த அமிலம் ஊற்றுகிறீர்கள்?

6. கொப்பரை

ஹைட்ரோகுளோரிக் அமிலம். அது இல்லாத நாளில் கந்தக அமிலம்.

7. தாமிரத்தூள்

இரண்டும் தாமிரத்துக்கு எமன்.

8. பழைய உலை

தம்பி, நான் உப்புக் கரைசலிலிருந்து குளோரினும் காரமும் எடுக்கும் குளோர்-ஆல்கலி ஆலைகளில் முப்பத்தோரு ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இந்த உரையாடலில் ஒரு பக்கம் விடுபட்டிருக்கிறது, அதைச் சொல்கிறேன்.

எங்கள் காலத்தில் கிளிசரால் விலை உயர்ந்த சரக்கு. எண்ணெயிலிருந்து கிடைப்பது போதாமல், பெட்ரோலிய புரோப்பிலீனுக்குக் குளோரின் ஊட்டி, எபிகுளோரோஹைட்ரின் ஆக்கி, அதைப் பிளந்து செயற்கைக் கிளிசரால் எடுத்தார்கள். பிறகு பயோடீசல் வந்தது. 2004-இல் அமெரிக்காவில் பவுண்டுக்கு 25 சென்ட் அளவில் இருந்த கச்சா கிளிசரால் 2006-க்குள் 5 சென்டுக்கும் அதற்குக் கீழும் இறங்கியது. அதே 2006 ஜனவரியில் டெக்சாஸ் ஃப்ரீபோர்ட்டில் இருந்த தன் செயற்கைக் கிளிசரால் ஆலையை டவ் நிறுவனம் மூடிவிட்டது. மறு ஆண்டே பிரான்சின் தவோவில் சால்வே நிறுவனம் வழியைத் திருப்பிப் போட்டது, கிளிசராலிலிருந்து எபிகுளோரோஹைட்ரின். ஐம்பது அறுபது ஆண்டுகளாக ஒரு பக்கம் ஓடிய ஆறு எதிர்ப்பக்கம் ஓடத் தொடங்கியதை என் பணிக்காலத்திலேயே பார்த்தேன். அன்று எங்கள் கட்டுப்பாட்டு அறையில் இதைப் பற்றி ஒரு வாரம் பேசிக்கொண்டிருந்தோம்.

வேலை நடக்கும் விதம் இது. கிளிசராலில் உலர்ந்த ஹைட்ரஜன் குளோரைடு வாயுவை விடுவார்கள். வினையூக்கி உலோகம் இல்லை, சிறிதளவு கார்பாக்சிலிக் அமிலம். அது முதலில் கிளிசராலோடு எஸ்டராகிப் பிறகு குளோரினுக்கு இடம் விட்டு விலகும், திரும்ப அடுத்த மூலக்கூற்றுக்குப் போகும். இரண்டு ஓரங்களிலும் குளோரின் ஏறிய 1,3-டைகுளோரோபுரோப்பனால் பெரும்பகுதி கிடைக்கும். புரோப்பிலீன் வழியில் கிடைப்பதோ பெரும்பாலும் 2,3 வகை. காரம் சேர்த்து வளையமாக்கும்போது 1,3 வகை பன்மடங்கு விரைவாக மூடிக்கொள்ளும். பழைய வழியில் நான்கு குளோரின் அணு செலவழித்து ஒன்றைத்தான் பொருளில் நிறுத்தினோம். புதிய வழியில் இரண்டு செலவு, ஒன்று நிற்கிறது. ஒரு டன் கிளிசரால் போட்டால் கணக்குப்படி ஏறத்தாழ ஒரு டன் எபிகுளோரோஹைட்ரின். அதில் பெரும்பகுதி எப்பாக்சி ரெசினுக்குப் போகும்.

தாமிரத்தூள் அம்மா குளோரைடுக்குப் பயப்படுகிறார். இந்த வழியில் கலன் முழுக்கவே குளோரைடுதான். சோடியம் குளோரைடு கலந்து வந்த கிளிசராலை இங்கே எட்டி உதைக்க மாட்டார்கள். உப்பு சேரச் சேர வடித்து வெளியேற்ற வேண்டும், அவ்வளவுதான்.

தாய்லாந்தின் மாப் தா புட்டில் 2012-இல் 1,00,000 டன் ஆலை தொடங்கியது. அங்கே பாமாயில் பக்கத்திலேயே இருக்கிறது. நம் நாட்டில் குஜராத்தின் தஹேஜில் 2022-இல் 50,000 டன் ஆலை வந்தது. இந்த ஆலைகளெல்லாம் குளோரின் வளாகத்தின் தோளில் உட்கார்ந்திருப்பதைக் கவனியுங்கள். ஹைட்ரஜன் குளோரைடு அங்கே வேறொரு வினையின் துணைப்பொருள், காரம் அடுத்த கொட்டகையில். ஈரோட்டில் தனியாக இதைச் செய்ய நினைக்காதீர்கள். எபிகுளோரோஹைட்ரின் புற்றுநோய் தரக்கூடியது, டைகுளோரோபுரோப்பனாலும் நஞ்சு. கொட்டகைக்குள் வைத்து விளையாடும் பொருளில்லை.

9. நாமக்கல்லான்

சிறிய அளவில் செய்யக்கூடியதாக ஒன்று சொல்லட்டுமா? கிளிசரால் கார்பனேட். கிளிசராலையும் டைமெத்தில் கார்பனேட்டையும் கால்சியம் ஆக்சைடு சேர்த்து 75 பாகையில் காய்ச்சினால் போதும், அழுத்தம் வேண்டாம். எங்கள் ஊரில் முட்டை ஓட்டுக்குப் பஞ்சமில்லை. ஓட்டைக் கழுவி 900 பாகையில் சுட்டால் கால்சியம் ஆக்சைடு. கல்லூரித் திட்டத்துக்கு நாங்கள் செய்து பார்த்தோம், முதல் முறை மிக நன்றாக வந்தது.

10. தாமிரத்தூள்

முதல் முறை நன்றாகத்தான் வரும். அதே தூளை வடிகட்டி இரண்டாம் முறை போட்டீர்களா? சுட்ட சுண்ணாம்பு காற்றில் ஈரத்தையும் கரியமில வாயுவையும் குடித்துச் செயலிழக்கும். கலனுக்குள் கிளிசராலோடு சேர்ந்து கால்சியம் கிளிசராக்சைடாகிக் கொஞ்சம் கரைந்தும் போகும். கரைந்த பகுதிதான் உங்கள் முதல் முறை விளைச்சலில் ஒரு பங்கைத் தந்திருக்கும். தண்ணீர் கலந்த கச்சா கிளிசராலில் இன்னும் மோசம். டைமெத்தில் கார்பனேட்டையும் விலை கொடுத்து வாங்க வேண்டும். யூரியாவும் துத்தநாக ஆக்சைடும் கொண்டு செய்யும் வழி மலிவு. ஆனால் அம்மோனியா வெளிவரும், அதைப் பிடித்தாக வேண்டும்.

முட்டை ஓட்டை நான் குறைத்துச் சொல்லவில்லை. இரண்டாம் முறை, மூன்றாம் முறை எண்களையும் சேர்த்து வெளியிடுங்கள். பின்னால் வருகிறவர்கள் ஓராண்டு வீணாக்காமல் தப்புவார்கள்.

11. நாமக்கல்லான்

இரண்டாம் முறை பாதிக்கும் கீழே போனது. அறிக்கையில் அதை எழுதவில்லை, எழுதியிருக்க வேண்டும். மறுபடி செய்து முழு எண்களையும் இங்கேயே போடுகிறேன்.

12. வேலன்1981

இவ்வளவு சிரமம் எதற்கு? அழகுப் பொருளிலும் கைகழுவும் திரவத்திலும் கிளிசரின்தானே போடுகிறார்கள். வடிகட்டி, மணம் சேர்த்து அப்படியே விற்றால் போயிற்று.

13. உப்பளம்

வேலன் அவர்களே, தயவுசெய்து இந்த யோசனையை இங்கேயே நிறுத்திவிடுங்கள். நான் தூத்துக்குடியில் ஆய்வுக்கூடப் பகுப்பாய்வாளர். பயோடீசல் அடி கிளிசராலில் மெத்தனால் இருக்கிறது. மெத்தனால் பார்வை நரம்பைக் கெடுக்கும். தோல் வழியாகவும் உடலுக்குள் போகும். வடிதுணியில் அது நிற்காது. அதோடு பொரித்த எண்ணெயின் சிதைவுப் பொருட்களும் அதில் கலந்திருக்கின்றன. 25 விழுக்காட்டுக்கு மேல் முனைவுச் சேர்மங்கள் சேர்ந்த எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று 2018-இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி கொண்டுவந்ததே அவற்றால்தான்.

கிளிசரின் என்ற பெயரை நம்பி ஏமாந்ததால் நேர்ந்த சாவுகள் உண்டு. 1995-96-இல் ஹைத்தி நாட்டில் டைஎத்திலீன் கிளைக்கால் கலந்த கிளிசரினைக் காய்ச்சல் மருந்தில் சேர்த்து, எண்பதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அது பயோடீசலால் வந்ததில்லை. ஆனாலும் டிரம்மில் ஒட்டிய சீட்டைப் பார்த்து உள்ளே இருப்பதை முடிவு செய்யக் கூடாது என்பதை எங்கள் தொழிலில் யாரும் மறப்பதில்லை.

கொப்பரை அண்ணா, நீங்கள் வினையூக்கியைத் தேடுகிறீர்கள். முதலில் டிரம்மில் என்ன இருக்கிறது என்பதைத் தேடுங்கள். நான்கு எண்கள் போதும். கிளிசரால் எவ்வளவு: பெரயோடேட்டால் ஆக்சிஜனேற்றம் செய்தால் ஃபார்மிக் அமிலம் வரும், அதைக் காரத்தால் தரம்பார்க்கலாம். தண்ணீர் எவ்வளவு: கார்ல் ஃபிஷர் முறை. சாம்பல் எவ்வளவு: மூசையில் எரித்து நிறுத்தால் போதும், உப்பின் அளவு தெரியும். மெத்தனால் எவ்வளவு: வாயு நிறப்பிரிகை. இந்த வசதிகள் உள்ள கல்லூரி ஆய்வகத்தில் செய்து தருவார்கள்.

அமிலத்தையும் மாற்றுங்கள். காரம் சோடியம் ஹைட்ராக்சைடு என்றால் பொட்டாசியம் ஹைட்ராக்சைடுக்கு வாருங்கள். நடுநிலையாக்கப் பாஸ்பாரிக் அமிலம். மெத்தனாலை ஓட்டுவதற்கு முன்பே அமிலத்தைச் சேர்க்க வேண்டும். மெத்தனால் இருக்கும்போதுதான் பொட்டாசியம் பாஸ்பேட் கரையாமல் கீழே விழும். அந்த உப்பைக் கழுவி உரமாக விற்கலாம், சாம்பல்சத்தும் மணிச்சத்தும் ஒன்றாகக் கிடைக்கும். விலை கூடுதல்தான், ஆனால் எதையும் கொட்ட வேண்டியதில்லை.

14. கொப்பரை (மூன்று வாரம் கழித்து)

உப்பளம் சொன்னபடி செய்து பார்த்தேன். இருபது லிட்டர் கேன் ஒன்றில் காரத்தைப் பொட்டாசியத்துக்கு மாற்றி ஓட்டிய அடிக் கிளிசராலை ஊற்றி, பாஸ்பாரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, மரத் துடுப்பால் கலக்கிக்கொண்டே இருந்தேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. காரகாடித்தன்மை (pH) 5-ஐ நெருங்கியபோது கலவை திடீரென்று பால்போலத் திரிந்தது. கொஞ்சத்தை ஊறுகாய் ஜாடியில் எடுத்துச் சன்னல் ஓரம் வைத்துவிட்டுப் போனேன். காலையில் பார்த்தால் மூன்று அடுக்கு! மேலே காப்பி டிகாஷன் நிறத்தில் எண்ணெய், அது சோப்பிலிருந்து திரும்பிய கொழுப்பு அமிலம். நடுவில் தேன் நிறத்தில் கிளிசரால், அதன் வழியே எதிர்ச்சுவரில் இருந்த நாட்காட்டியின் எழுத்து தெரிந்தது. அடியில் இரண்டு விரற்கடை அளவுக்கு வெள்ளை உப்பு. ஆறு ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், என் கிளிசராலின் நிறம் கறுப்பு என்றே நினைத்திருந்தேன். கறுப்பு சோப்பினுடையது.

மேலே மிதந்த கொழுப்பு அமிலத்தைத் திரும்பவும் எஸ்டராக்கப் போடலாம், அதுவே வருமானம். நடு அடுக்கை மூடிய கலனில் காய்ச்சி மெத்தனாலைக் குளிர்வித்துப் பிடித்தேன். கல்லூரி ஆய்வகத்தில் கொடுத்ததில் கிளிசரால் 80 விழுக்காட்டைத் தாண்டியது. சாம்பல் குறைந்திருக்கிறது, முழுதும் போகவில்லை. அதே தரகர் படத்தைப் பார்த்துவிட்டு இரண்டு டிரம்முக்கு முன்பணம் அனுப்பிவிட்டார். வெற்றிடத்தில் வடித்துச் சுத்திகரிக்கும் ஆலைக்கு அனுப்புவாராம்.

இதற்கு மேல் ஒரு படி ஏற முடியுமா என்று கேட்டால் தவறா?

15. பழைய உலை

தவறே இல்லை. ஆனால் என் கருத்து இங்கேயே நில்லுங்கள் என்பதுதான். 290 பாகையில் கொதித்துக் கொதிக்கும்போதே சிதையும் திரவத்தை வெற்றிடத்தில் வடிக்கப் பெரிய ஆலைகளுக்குத் தனி அமைப்பு இருக்கிறது. பத்துச் சிறிய ஆலைகளின் கிளிசரால் ஓரிடத்தில் சேர்ந்தால்தான் வினையூக்கி முதலீடு கட்டுப்படியாகும். வேண்டுமானால் உங்கள் பகுதி ஆலைக்காரர்கள் சேர்ந்து ஒரு சேகரிப்பு மையம் வையுங்கள்.

16. தாமிரத்தூள்

ஐயா சொல்வது அக்ரோலீனுக்கும் புரோப்பிலீன் கிளைக்காலுக்கும் சரி. எல்லாவற்றுக்கும் சரி என்று ஏற்க மாட்டேன். சோல்கெட்டால் இருக்கிறது.

கிளிசராலும் அசிட்டோனும் அமிலப் பிசின் போன்ற திட அமிலத்தின் மேல் சேர்ந்தால் சோல்கெட்டாலும் தண்ணீரும். 92 கிலோவும் 58 கிலோவும் சேர்ந்து 132 கிலோ பொருள், 18 கிலோ தண்ணீர். அக்ரோலீனில் எடை ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு குறைகிறது, இங்கே கூடுகிறது. 300 பாகை வேண்டாம், ஹைட்ரஜன் வேண்டாம், 50, 60 பாகை போதும். கரைப்பானாகவும் பெட்ரோல் சேர்மானமாகவும் பயன்படும். அசிட்டோன் தீப்பிடிக்கும் பொருள், அந்த எச்சரிக்கை மெத்தனாலோடு பழகிய உங்களுக்குப் புதிதில்லை.

இடையூறு தண்ணீர். வினையிலேயே தண்ணீர் பிறக்கிறது, தண்ணீர் கூடினால் வினை பின்னோக்கித் திரும்பும். கூடுதல் அசிட்டோன் போட்டுத் தள்ள வேண்டும். பிரேசிலில் மோட்டா குழு 2009-இல் பீட்டா ஜியோலைட்டைப் பயன்படுத்திக் காட்டியது எனக்கு மிகவும் பிடித்த வேலை. அந்த ஜியோலைட் தண்ணீரை விரும்பாது, அதனால் அமிலப் புள்ளியின் பக்கத்தில் தண்ணீர் தங்காது, 90 விழுக்காட்டுக்கு மேல் மாற்றம் கிடைத்தது.

17. பழைய உலை

அம்மா, தண்ணீரைச் சொன்னீர்கள், உப்பைச் சொல்லவில்லை. அமிலப் பிசின் என்பது எங்கள் தண்ணீர் மென்மையாக்கும் தொட்டியில் இருக்கும் அதே இனம். பொட்டாசியத்தைக் கண்டால் பிடித்துக்கொண்டு புரோட்டானை விட்டுவிடும். புரோட்டான் போன பிசின் வெறும் மணல். தம்பியின் கிளிசராலில் சாம்பல் இன்னும் இருக்கிறது என்று அவரே எழுதியிருக்கிறார்.

18. தாமிரத்தூள்

ஐயா சொன்னது நியாயம். வாதம் செய்வதைவிடப் பார்த்துவிடலாம். கொப்பரை அண்ணா, நடு அடுக்கிலிருந்து இரண்டு லிட்டர் அனுப்புங்கள்.

19. கொப்பரை

இன்றே அனுப்புகிறேன்.

20. தாமிரத்தூள் (பன்னிரண்டு நாள் கழித்து)

முடிவைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன்.

கடையில் வாங்கிய தூய கிளிசராலோடு சல்போனிக் அமிலப் பிசின், ஐந்து முறை திரும்பப் பயன்படுத்தியும் விளைச்சல் பெரிதாக இறங்கவில்லை. கொப்பரை அண்ணாவின் கிளிசராலோடு முதல் முறை ஓரளவு வந்தது, இரண்டாம் முறை சரிந்தது, மூன்றாம் முறை அநேகமாக ஒன்றுமே இல்லை. பிசின் மணிகளின் நிறம்கூட மாறவில்லை. என் அக்ரோலீன் வினையூக்கிபோலக் கறுத்திருந்தால் கரிப்படிவு என்று சொல்லியிருப்பேன். அந்த மணிகளை நீர்த்த கந்தக அமிலத்தில் ஓர் இரவு ஊறவைத்து, தண்ணீர் நடுநிலையாகும்வரை கழுவி, உலர்த்தித் திரும்பப் போட்டேன். விளைச்சல் முதல் நாள் அளவுக்கு வந்துவிட்டது. ஊறவைத்த அமிலத்தில் பொட்டாசியம் இருந்ததைச் சுடர் ஒளிமானியில் பார்த்தேன். பழைய உலை ஐயா சொன்னது அப்படியே நடந்தது.

ஆனால் பிசின் சாகவில்லை, பொட்டாசியத்தைச் சுமந்து நின்றது, இறக்கி வைத்ததும் எழுந்துவிட்டது. அப்படியென்றால் முன்னால் ஒரு காவல் படுக்கை வைக்கலாமே? தண்ணீர் சுத்திகரிப்புக்கு விற்கும் மலிவான பிசினையே புரோட்டான் வடிவத்துக்கு மாற்றி ஒரு குழாயில் நிரப்பி, கிளிசராலை மெத்தனாலோடு நீர்க்கவைத்து அதன் வழியே விட்டேன். தனியாக விட்டால் பாகு இறங்காது, 20 பாகையில் தூய கிளிசரால் தண்ணீரைவிட ஆயிரத்து நானூறு மடங்கு பிசுபிசுப்பு. மெத்தனாலை எப்படியும் நீங்கள் திரும்பப் பிடிப்பதால் அது நட்டமில்லை. பொட்டாசியம் காவல் படுக்கையிலேயே நின்றது. அதற்குப் பிறகு வினையூக்கிப் பிசின் நான்கு முறை தாங்கியிருக்கிறது, ஐந்தாவது இன்று இரவு ஓடுகிறது.

21. பழைய உலை

படுக்கையைப் புதுப்பித்த கழிவு அமிலத்தை என்ன செய்வீர்கள்? அந்தக் கணக்கும் வேண்டும். கந்தக அமிலத்துக்குப் பதில் பாஸ்பாரிக் அமிலத்தாலேயே புதுப்பித்தால், வெளியே வருவது உப்பளம் சொன்ன அதே உரம்தானே? வலிமை குறைந்த அமிலம், கூடுதலாகத் தேவைப்படும். முயன்று பாருங்கள்.

22. உப்பளம்

ஐயா, அருமை. கழிவு நீரில் மெத்தனாலும் கொழுப்பு அமிலமும் எவ்வளவு கலந்திருக்கின்றன என்று நான் பார்த்துத் தருகிறேன். அது தெரியாமல் உரம் என்று யாரும் சொல்லிவிடாதீர்கள்.

23. கொப்பரை

கொட்டகையில் இப்போது ஒன்பது டிரம். சேகரிப்பு மையம் பற்றிப் பெருந்துறைப் பக்கம் இரண்டு ஆலைக்காரர்களிடம் பேசினேன். ஒருவர் ஒப்புக்கொண்டார், அவரும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடுக்கு மாறுகிறார். அவருடைய கிளிசராலும் அதே முறையில் தெளிகிறதா என்று இந்த வாரம் ஜாடியில் பார்க்கப் போகிறோம். அவர் வாங்குவது பெரும்பாலும் கோழி வறுத்த எண்ணெய், கொழுப்பு அமிலம் என்னுடையதைவிடக் கூடுதல்.

சகோதரி, அடுத்த கேன் அனுப்பவா?

24. தாமிரத்தூள்

இரண்டு கேன் அனுப்புங்கள் அண்ணா, உங்களுடையது ஒன்று, அவருடையது ஒன்று. மூடியில் தேதி, எந்த அமிலம், எந்த நாள் எண்ணெய் என்று மூன்றையும் எழுதிவிடுங்கள். சென்ற முறை தேதி இல்லாமல் நான் திண்டாடினேன்.